கடல் எந்தப் பக்கம்?

நாளைக்குப் பள்ளியில் கண்காட்சி. வங்காளத்துப் பவானிபூரில் மதுவந்தியின் வீட்டுக் கூடம் முழுக்க மணல். அவளும் அவள் சிநேகிதி தியாஷாவும் ஒரு தெர்மோகோல் அட்டையில் சின்னக் கடலோரக் கிராமம் செய்துகொண்டிருந்தார்கள்.

மதுவந்தி அட்டையின் வலப்பக்கம் முழுவதும் நீலம் பூசினாள். வடக்கு மேலே என்று காட்டும் சிவப்பு அம்பை ஒட்டினாள்.

தியாஷா முகம் சுளித்தாள். அப்படியானால் கடல் கிழக்கே போய்விடுமே, அது தெற்கேதான் இருக்கும் என்றாள். அவள் மாமா ஊரில் அப்படித்தானாம்.

மதுவந்தி விடுவாளா? அவள் அப்பா ஊர் நாகப்பட்டினம் பக்கம். மே மாதம் போகும்போதெல்லாம் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்தவள்.

“சூரியன் தெற்கேயா உதிக்கும்? உனக்குத் திசையே தெரியல.”

தியாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்டுவிரலை நீட்டி, “ஆடி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆடி மாதம் இல்லை. வங்காளிக் குழந்தைகளின் ‘ஆடி’ நம்முடைய ‘காய்’. இனிமேல் பேச்சே கிடையாது என்று அர்த்தம்.

தனியாக வேலை செய்ய மதுவந்திக்குப் பிடிக்கவே இல்லை. தியாஷா விட்டுப்போன செருப்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சவுக்கு மரங்கள், களிமண் பழம் வைத்த தாழம்புதர், ஊதாப் பூ பூத்த காகிதக் கொடி ஒன்று. கொடியின் சீட்டில் வங்காள மொழியில் ‘சாகல்குரி’ என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் ஆட்டுக்குளம்பு.

மதுவந்திக்குச் சிரிப்பு வந்தது. அப்பா ஊர் மணலில் படரும் அதே கொடி. அங்கே அதன் பெயர் ஆட்டுக்கால். பிளந்த இலையைப் பார்த்ததும் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஆட்டின் ஞாபகம்தான் வந்திருக்கிறது.

செடி ஒன்றாக இருந்தால் கடல் மட்டும் எப்படி வேறாகும்? புத்தகத்தில் வரைபடத்தைத் தேடி எடுத்து, கரையோரமாக விரலை ஓட்டினாள். நாகப்பட்டினத்தில் கடல் கிழக்கே இருந்தது. மேலே போகப் போகக் கரை வளைந்தது. வங்காளத்துக்கு வந்தபோது அதே கடல் தெற்கே இருந்தது. தியாஷா சொன்னது சரி. தான் சொன்னதும் சரி. திசை தெரியல என்றது மட்டும் தப்பு.

அம்பைப் பெயர்த்தெடுத்தாள். அது சுழலும்படி நடுவில் குண்டூசி குத்தினாள். அட்டையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அடுத்த சந்திலிருந்த தியாஷா வீட்டுக்குப் போனாள்.

அட்டையைத் தியாஷா முன்னால் வைத்து, மதுவந்தி அம்பின் முனையை இடப்பக்கம் திருப்பினாள். “இப்போ கடல் தெற்கே. உன் மாமா ஊர்.”

தியாஷா குனிந்து பார்த்தாள். பிறகு அம்பை மேலே திருப்பினாள். “இப்போ உங்க அப்பா ஊர்.”

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பழமா?”

“என்ன பழம்?”

தமிழில் காய் விட்டவர்கள் மறுபடி சேர்ந்தால் பழம் என்று மதுவந்தி விளக்கினாள்.

தியாஷா பெட்டிக்குள் கைவிட்டு, களிமண் தாழம்பழத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.