முக்கியம் (9)

"தெரியாதவங்க அனுப்பற அட்டாச்மென்ட்டைத் திறக்கவே கூடாது."

"சரி."

"தெரிஞ்சவங்க அனுப்பினாலும் பட்டுனு திறக்கக் கூடாது. அவங்க பேர்ல வேற எவனாவது அனுப்பியிருப்பான். அனுப்பினவங்களை நேர்ல கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான்..."

"நீங்க அனுப்பினா?"

"நா... நான் அனுப்பினாலும்தான்!"

அவள் சிரித்தாள். அவன் காது சிவந்தது.

போன வருடம் நடந்த பேச்சு. அந்தச் சிரிப்பை மட்டும் அவன் மனசு இன்னும் அழிக்கவில்லை.

பல் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவன் அவன். இருக்கிற இடமே தெரியாது என்பதால் எல்லோருக்கும் 'மவுஸ்'. அவள் அங்கே வரவேற்பு மேஜையில் இருப்பவள்.

இன்று காலை மவுஸ் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது...

"ஐயய்யோ...!"

அலறல்!

கத்தியது நோயாளி அல்ல... டாக்டர்!

வரவேற்பு மேஜைத் திரையில் ஒரு மண்டை ஓடு இளித்தது. பல் மட்டும் வரிசையாக, அழகாக இருந்தது. கீழே ஒரு வரி.

'உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டன!'

"அத்தனை பேரோட எக்ஸ்ரேயும் போச்சு!" டாக்டர் தலையில் கை வைத்தார்.

"என்னோடதுமா?"

நாற்காலியிலிருந்து எழுந்த பெண் காக்கி உடுப்பில் இருந்தாள். ஒரு கன்னம் பூரித்திருந்தது. மகிழ்ச்சியால் அல்ல, கடைவாய்ப் பல்லால். இன்ஸ்பெக்டர்!

"பிடுங்கிக்க வந்தேன். ஸ்ஸ்... இங்கயும் கேஸா? யார் வேலை இது?"

டாக்டரின் விரல் நீண்டது.

"இவன்தான் மேடம்! இந்தப் பொண்ணோட மெயில்ல பாருங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி இவன் ஒரு அட்டாச்மென்ட் அனுப்பியிருக்கான். பேரு 'முக்கியம்'. உள்ள ஒரு வரிகூட எழுதல!"

"ஏம்மா, அடுத்தவங்க மெயிலை டாக்டர் ஏன் பார்த்தாரு?"

"நான் எழுந்து போனா அவர் என் சீட்டுலதான் மேடம் உட்காருவாரு" என்றாள் அவள், நகத்தைப் பார்த்தபடி.

இன்ஸ்பெக்டர் மவுஸின் பக்கம் திரும்பினாள்.

"அதுல என்ன இருக்கு?"

"சொ... சொல்ல முடியாது மேடம்."

"சொல்லலைன்னா ஸ்டேஷனுக்கு நடப்பா. எனக்குப் பல்லு வலிக்குது. வலி வந்தா நான் நல்லவ இல்ல."

மவுஸ் கதவைப் பார்த்தான். இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்வதற்கு லாக்கப்பே தேவலை! அவள்தான் பதிலே அனுப்பவில்லையே... திறக்காமலே அழித்திருப்பாள். மானத்தை எதற்குக் கப்பலேற்ற வேண்டும்?

"மேடம், ஒரு நிமிஷம் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கலாமா?"

"தொடாதே. வாயால சொல்லு, நான் தொடறேன்."

"பிரவுசர்ல டவுன்லோட் பட்டியலைத் திறங்க. கடைசியா இறங்கினது என்ன?"

"'விருதுப் படம்'. படத்துக்கான சின்னம் போட்டிருக்கு."

"அது வேஷம் மேடம். ஃபைல் பேருக்கு ஒரு வால் உண்டு. அது என்ன சாதின்னு அந்த வால்தான் சொல்லும். இந்தக் கம்ப்யூட்டர் வாலை மறைச்சு வெச்சிருக்கு. காட்டச் சொல்லுங்க."

அவன் சொன்ன இடத்தில் இன்ஸ்பெக்டர் க்ளிக் செய்தாள்.

வால் வெளியே வந்தது!

"படம் இல்ல, ப்ரோக்ராம்! திறந்தா படம் தெரியாது... ப்ரோக்ராம் ஓடும். ஓடி எல்லாத்தையும் பூட்டும். பிரவுசர் ஆபத்துன்னு சொல்லியிருக்கும். வெளியிலேர்ந்து வந்த சரக்குன்னு கம்ப்யூட்டரும் கேட்டிருக்கும். யாரோ ரெண்டு தடவையும் 'பரவாயில்லை'ன்னு அழுத்தியிருக்காங்க."

"எந்த மெயில்லேர்ந்து இறங்கிச்சு?"

"பக்கத்துலயே எழுதியிருக்கும், படிங்க."

இன்ஸ்பெக்டர் படித்தாள். மெதுவாக டாக்டரைப் பார்த்தாள்.

"உங்க மெயில்."

டாக்டரின் முகம் பஞ்சு வைத்த பல் மாதிரி வெளுத்தது.

"ஆண்டின் சிறந்த புன்னகை டாக்டர்னு... எனக்கு விருதுன்னு வந்துச்சு. என் ரூம் கம்ப்யூட்டர் திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. அதான் இங்க வந்து..."

"நல்லா சிரிச்சீங்க சார்!"

"எக்ஸ்ரே எல்லாம் நேத்து காப்பி எடுத்துத் தனியா வெச்சிருக்கேன் மேடம்" என்றான் மவுஸ் அவசரமாக. "நான் போகலாமா?"

"நில்லு!"

இன்ஸ்பெக்டரின் கண் இன்னும் பட்டியலில் இருந்தது.

"இதென்ன... 'முக்கியம்', 'முக்கியம் (1)', 'முக்கியம் (2)'... ஒன்பது வரைக்கும் போகுது?"

மவுஸ் உறைந்தான். அடுத்தவர் பட்டியலைப் பார்ப்பது அடுத்தவர் கைப்பையைக் கிளறுவது மாதிரி என்பது அவன் கொள்கை. அதனால் இதுவரை பார்த்ததே இல்லை.

"ஒரே ஃபைலை... மறுபடி மறுபடி இறக்கினா... கம்ப்யூட்டர் நம்பர் போடும் மேடம்."

"அப்ப பத்து தடவை இறக்கியிருக்கா! ஏம்மா, என்னதான் இருக்கு அதுல?"

"குரல் மேடம்" என்றாள் அவள். இப்போது அவள் காதும் சிவந்திருந்தது. "இவரோட குரல்."

"கே... கேட்டீங்களா?" மவுஸுக்குப் பேச்சு திக்கியது. "அப்புறம் ஏன் பதிலே சொல்லல?"

"நீங்கதானே பாடம் எடுத்தீங்க? அனுப்பினவங்களை நேர்ல கேட்டு உறுதி பண்ணணும்னு! இப்பல்லாம் குரலைக்கூடப் போலியா செய்யறாங்களாம். ஆறு மாசமா தினமும் எதிர்ல வந்து நிக்கறீங்க... 'மானிட்டர் சரியா இருக்கா'ன்னு கேட்டுட்டுப் போயிடறீங்க! அனுப்பினது நீங்கதான்னு நான் எப்படி நம்பறது?"

எல்லோரும் மவுஸையே பார்த்தார்கள். மண்டை ஓடு மட்டும் இளித்தது.

மவுஸ் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்... என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"சீக்கிரம் 'ஓகே'வை அழுத்தித் தொலைம்மா... எனக்குப் பல்லைப் பிடுங்கணும்!"