மறுமுனை

திருக்கோகர்ணத்தில் அந்தப் பழைய ஓட்டு வீட்டை அருணா பிடித்ததற்கு ஒரே காரணம், பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவின் கிளினிக் அங்கிருந்து நடக்கிற தூரம் என்பதுதான். கணவன் உதயசூரியன் குவைத்தில் இருந்தான். அறந்தாங்கியிலிருந்து பிள்ளையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து போய் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரர் கண்ணுசாமி சென்னையோடு போய்விட்டவர். பக்கத்து வீட்டுச் செவந்திதான் சாவியைக் கொடுத்தாள்.

மகள் காவ்யாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் புரியும். வாய்தான் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவள் "அம்மா" என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று அருணா ஏங்கிக் கிடந்தாள். தெருவில் எந்தப் பிள்ளை அம்மா என்றாலும் இவள்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"செல்போனைக் கண்ணுலயே காட்டாதீங்க," என்றார் டாக்டரம்மா. "கடைப் பொம்மையும் வேணாம். வீட்டுல கெடக்கிறத வச்சு நீங்களே எதாச்சும் செஞ்சு, கூட உக்காந்து பேசிப் பேசி வெளையாடுங்க."

அருணாவும் விழுந்து விழுந்து செய்தாள். பிளாஸ்டிக் பாட்டிலில் துவரம்பருப்பைப் போட்டுக் கிலுகிலுப்பை. கொட்டாங்கச்சியில் தராசு. பூவரச இலையில் பீப்பி. காவ்யா ஒவ்வொன்றையும் தாசில்தார் மனுவைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினாள்.

கடைசியில் தீப்பெட்டி டெலிபோன் ஞாபகம் வந்தது. இரண்டு காலித் தீப்பெட்டி, நடுவில் நீள நூல். தையல் நூலைக் கட்டினாள், அறுந்தது. இரட்டையாக்கிக் கட்டினாள், அதுவும் அறுந்தது. கெட்டி நூலுக்கு எங்கே போவது என்று தேடியபோது உள் அறைப் பரணில் ஒரு ஓலைப்பெட்டி கிடைத்தது. அதற்குள் அரக்குச் சிவப்பில் ஒரு நூல் சேலை மட்டும் மடித்து வைத்திருந்தது. மடிப்பில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. யாரோ உடுத்திக் கழித்தது என்று அருணா நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அந்த மஞ்சளைப் பார்த்தபோது மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது. பிள்ளை ஆசையில் அதை ஒதுக்கிவிட்டாள்.

முந்தானை ஓரத்திலிருந்து நூல் முரண்டு பிடிக்காமல் உருவி வந்தது. நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கிக் கட்டினாள்.

ஒரு பெட்டியைக் காவ்யாவின் காதில் வைத்துவிட்டு, மற்றதில் வாயை வைத்து, "காவ்யாக்குட்டி, அம்மா பேசுறேன்," என்றாள். குழந்தையின் கண் விரிந்தது. பெட்டியைத் தூக்கி எறியவில்லை!

அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாடை. தன் பெட்டியைத் தரையில் போட்டுவிட்டு அருணா ஓடினாள். அடுப்பை அணைத்து, கரண்டியோடு திரும்பினாள்.

காவ்யா கூடத்தில் நின்று காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நூல் விறைப்பாக நின்றது.

தீப்பெட்டி டெலிபோனில் அது ஒன்றுதான் நுணுக்கம். மறுமுனையை யாராவது பிடித்து இழுத்து நின்றால்தான் சத்தம் போகும்.

அருணாவின் கையில் இருந்தது கரண்டி.

நூல் கூடத்தைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, உள் அறை இருட்டுக்குள் போயிருந்தது.

"பூ," என்றாள் காவ்யா.

அருணாவுக்கு உலகமே மறந்துபோனது. மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்துப் பார்த்தபோது நூல் தரையில் தொய்ந்து கிடந்தது. கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் அவளுக்கு இருப்பும் கொள்ளவில்லை, கிளம்பவும் மனசு வரவில்லை. பட்டப்பகலில்கூட உள் அறைக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். ஆனால் பிள்ளை நாளுக்கு நாள் பேசினாள். நிலா, காக்கா, சோறு. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அருணா வாயைத் திற என்றால் பழையபடி ஊமை. ஒரு நாள் "ஏணை" என்றாள். அருணா வீட்டில் தொட்டில் என்றுதான் சொல்வார்கள்.

குவைத்திலிருந்து உதயசூரியன், "பேசுறாள்ல? விடு, வெளையாடட்டும்," என்றான். அவளும் விட்டாள்.

ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் காதில் அந்தச் சொல் விழுந்தது.

"அம்மா."

துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். காவ்யா அவள் பக்கம் திரும்பவே இல்லை. உள் அறையைப் பார்த்துச் சிரித்தபடி, பெட்டிக்குள் மறுபடி சொன்னாள்.

"அம்மா."

வயிறு எரிந்தது அருணாவுக்கு. பயத்தைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது. பெட்டியைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

சுட்ட வசம்பின் வாசனை. பிள்ளை பெற்ற வீட்டு வாசனை.

யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு, மெதுவாக, கொஞ்சலாக ஒரு பெண் குரல். "இன்னொரு தடவ சொல்லு கண்ணு…"

அருணா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செவந்தி வீட்டு வாசலில் போய் விழுந்தாள். அருணா கையில் இன்னும் பிடித்திருந்த பெட்டியையும் அதில் தொங்கிய சிவப்பு நூலையும் பார்த்ததும் செவந்தியின் முகம் வெளுத்தது.

"இந்த நூலு எங்கிட்டுக் கெடச்சுச்சு?"

"பரண்ல ஒரு சேலைங்கக்கா…"

"அடிப் பாவி! அது கண்ணுசாமி அண்ணன் சம்சாரம் சேல. தலப்பிரசவத்துல தாயும் புள்ளையும் போயிருச்சு. ஆடிக்கு ஆடி அவுக வந்து எறக்கி, மஞ்சத் தடவிப் படைச்சிட்டு ஏத்தி வச்சிருவாக. ஒனக்குச் சொல்லாம விட்டேனே." செவந்தி குரலைத் தாழ்த்தினாள். "நூல அறுத்து, சேலயோட வச்சுக் கும்புட்டுட்டுக் கெளம்பிரு தாயி. நிக்காத."

அறுத்துவிடலாம். அறுத்தால் பிள்ளையின் பேச்சும் அதோடு போய்விட்டால்?

வீட்டுக்குத் திரும்பி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலும் கையுமாக அருணா கூடத்தில் தவித்தாள். இத்தனை நாள் கோயில் கோயிலாகக் கேட்டு அழுதது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அந்தச் சொல் இங்கே, இந்த நூலில் இருந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்து பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது காவ்யா மடியிலிருந்து இறங்கி, உள் அறையைப் பார்த்துத் தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அருணா நூலை அறுத்தாள்.

உள் அறையில் ஒன்றும் கேட்கவில்லை. நூலையும் தீப்பெட்டிகளையும் சேலையோடு வைத்து, ஓலைப்பெட்டியைப் பரணில் ஏற்றி, கீழே நெற்றி படக் கும்பிட்டாள். "தெரியாம எடுத்துட்டேன் ஆத்தா. எம்புள்ளைய எனக்கு விட்டுரு."

ஒரே ஒரு பையோடு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ்ஸைப் பிடித்தாள். கூட்டமில்லை. மூன்று பேர் சீட்டில் தாயும் மகளும் மட்டும். காவ்யா ஜன்னலோரத்தை விட்டு நடுவில் உட்கார்ந்து, உம்மென்று வெளியே பார்த்தபடி வந்தாள். பேசாவிட்டால் போகிறது, பிள்ளை கையில் இருக்கிறாளே என்று அருணா மனசைத் தேற்றிக்கொண்டாள். பஸ் ஊரைத் தாண்டியதும்தான் அவளுக்கு மூச்சே சீராக வந்தது.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா?"

"அறந்தாங்கி ஒண்ணுங்க."

"ரெண்டு," என்றாள் காவ்யா.

கணீரென்று, மழலையே இல்லாமல், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. அருணா திகைத்துப்போய் மகளைப் பார்த்தாள்.

கண்டக்டர் சிரித்தார். "அடேங்கப்பா, பாப்பா எம்புட்டுத் தெளிவாப் பேசுது! ஒனக்கெல்லாம் டிக்கெட் இல்ல பாப்பா. அம்மாவுக்கு மட்டுந்தான்."

"அம்மாவுக்குந்தான் கேட்டேன்," என்றாள் காவ்யா.

சொல்லிவிட்டு, அருணாவின் கையை மெல்ல விலக்கி, ஜன்னலோரத்தில் காலியாக இருந்த இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தலை கீழே விழவில்லை. மடியில் படுத்த பிள்ளையைப்போல் அந்தரத்தில் நின்றது.