தொப்பி போட்ட மூன்று

"எந்த ஸ்கூல்ல படிக்கிற?" என்று யாராவது கேட்டால் பட்டாணி யோசிக்கவே மாட்டான்.

"சாப்பாட்டு மேசையில."

"அங்க மணி அடிப்பாங்களா?"

"குக்கர் அடிக்கும். மூணு விசில் வந்தா கணக்கு முடிஞ்சுது."

உண்மைதான். அவனும் அவன் அக்காவும் வீட்டிலேயே படித்தார்கள். அம்மா முன்னறையில் துணி தைத்துக்கொண்டே பாடம் கேட்பார். அப்பாவுக்கு ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் வேலை. அக்காவுக்குப் பதினோரு வயது. வீட்டில் அவளுக்குப் பெயரே பெரியவள்தான். பட்டாணிக்கு ஆறு வயது.

இந்த மாதப் பாடம் ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் இருந்தது. அப்பா அதில் பல்பு மாட்டி, சூடு கூடினால் தானாக அணையும்படி செய்திருந்தார். மேலே ஒரு கண்ணாடித் துண்டு. உள்ளே பத்துக் கோழி முட்டைகள். இருபத்தோரு நாளில் குஞ்சு வரவேண்டும்.

தினமும் மூன்று முறை முட்டைகளைத் திருப்ப வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் சமையலறைத் தராசில் எடை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் நீல நோட்டில் எழுத வேண்டும். நோட்டுக்கு அம்மா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது.

முட்டைகளின் மேல் எண் போடுவதற்கு மட்டும் பென்சில். பேனா மை ஓட்டின் வழியாக உள்ளே இறங்கிவிடும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

ஏழாம் எண் பட்டாணியின் முட்டை. எண்ணுக்கு மேலே கோணலாக ஒரு தொப்பி வரைந்திருந்தான். காலையில் பல் தேய்க்கும் முன்பே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஏழு, இன்னும் பன்னெண்டு நாள்தான்டா" என்பான். கழித்தல் கணக்கு என்றாலே வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிற பையன் அவன். ஏழு வந்த பிறகு வயிற்றுவலி வரவே இல்லை.

பத்தாம் நாள், பட்டாணி அப்பாவோடு பல்பு வாங்கப் போயிருந்தான். உள்ளே கரு வளர்கிறதா என்று முட்டைகளை வெளிச்சத்தில் பார்க்கும் வேலையை அம்மா பெரியவளிடம் விட்டிருந்தார். அவள் சாமான் அறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டாள். டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தாள்.

ஒன்றாம் முட்டையில் சிலந்திவலை போலச் சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதுதான் கண். இரண்டில் அந்தப் புள்ளி அசைந்தது. மூன்றாவதும் அப்படியே.

ஏழில் நரம்பு இல்லை. மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று மட்டும் இருந்தது.

பெரியவள் முட்டையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். வளையம் போகவில்லை. நூலகப் புத்தகத்தில் அதே படம் இருந்தது. 'உயிர் நான்காம் நாள் வாக்கில் நின்றுவிட்டது. உடனே எடுத்துவிடவும். இல்லையென்றால் அழுகி மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.'

 வாசலில் பட்டாணியின் செருப்புச் சத்தம் எந்த நிமிடமும் கேட்கலாம். பென்சில் பெட்டியில் ரப்பர் இருந்தது.

அதன் மேலிருந்த ஏழு என்ற எண்ணை அழித்தாள். தொப்பியையும் அழித்தாள். மூன்றாம் முட்டையை எடுத்து அதன் எண்ணை அழித்துவிட்டு ஏழு என்று போட்டாள். அதே கோணலில் தொப்பி வரைந்தாள். உயிரில்லாத முட்டையின் மேல் மூன்று என்று எழுதினாள். பிறகு நோட்டைத் திறந்து பேனாவால் எழுதினாள்: '3 - சிவப்பு வளையம். எடுத்துவிட்டோம்.'

"மூணா போச்சு? பாவம்" என்றார் அம்மா. "பேப்பர்ல சுத்தி பின்பக்கம் வை. நாளைக்குப் புதைக்கலாம்."

பட்டாணி ஓடி வந்தான். "அக்கா, ஏழு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

மறுநாள் எடை பார்க்கும் முறை பட்டாணியுடையது. பெரியவள் எண்களை எழுதினாள். முட்டையிலிருந்து தினமும் கொஞ்சம் ஈரம் ஆவியாகப் போவதால் எடை குறைந்துகொண்டே வரும். அன்றும் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் குறைந்திருந்தது.

"ஏழு… அம்பத்தெட்டு" என்று படித்தான் பட்டாணி. நோட்டை எட்டிப் பார்த்தான். முந்தாநாள் ஐம்பத்தைந்து. விரல்களை மடக்கினான். மறுபடியும் மடக்கினான். "அக்கா, கழிக்க முடியலையே. மூணு கிராம் ஏறியிருக்கு."

பெரியவளின் பேனா நின்றது. எடை நினைவுக்கு வரவே இல்லை அவளுக்கு. முழு முட்டையைச் சோற்றில் மறைத்த கதையாகிவிட்டது.

"அம்மா, எல்லாம் இளைச்சுப்போச்சு, என் ஏழு மட்டும் குண்டாயிருக்கு!" பட்டாணி முன்னறைக்கு ஓடினான். "நான் தினமும் கதை சொல்றேன்ல, அதனாலதான்."

அம்மா தையலை நிறுத்திவிட்டு வந்தார். நோட்டைப் பார்த்தார். முட்டையை மறுபடி தராசில் வைத்தார். ஐம்பத்தெட்டு.

"ஓட்டுக்குள்ள எதுவும் போக வழி இல்லையே. எடை எப்படி ஏறும்? தராசுதான் கெட்டுப்போயிருக்கு" என்றார். "அப்படின்னா இந்தப் பதினொரு நாள் எடையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் அடிச்சிட வேண்டியதுதான்."

அப்பாவுக்குப் பிரிப்பதற்கு ஏதாவது கிடைத்தால் போதும். ஸ்க்ரூடிரைவர் வந்தாயிற்று.

"எல்லாத்தையுமா?" பட்டாணியின் குரல் சின்னதாகிவிட்டது. "நான் போட்ட கணக்கு எல்லாமே தப்பா?"

ஐந்து பக்கம் அவன் கையெழுத்தில் கழித்தல் கணக்குகள். ஒன்றுகூடத் தப்பில்லை. அது பெரியவளுக்குத் தெரியும்.

அவள் எழுந்து அவன் கையைப் பிடித்தாள். "வாடா, வெளிய போலாம்."

பின்பக்கப் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் காகிதப் பொட்டலம் இருந்தது.

"அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்" என்றாள். "தராசு கெடல. உன் கணக்கும் சரி. நேத்து செத்துப்போயிருந்தது ஏழுதான். நான் நம்பரை மாத்திட்டேன்."

பட்டாணி பொட்டலத்தைப் பார்த்தான்.

"அப்போ நேத்து நான் யார்கிட்ட பேசினேன்?"

"மூணுகிட்ட."

"ஏன் மாத்தின?"

"நீ அழுவேன்னு."

"இப்பவும் அழத்தானே போறேன்" என்றான். அப்படியே அழுதான். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவன் முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் காட்டு" என்றான்.

சாமான் அறையில் டார்ச்சின் மேல் முட்டையை அவனே வைத்தான். வளையத்தை உற்றுப் பார்த்தான்.

"நான் சொன்ன கதையெல்லாம் கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்ல அவள் வாய் வரைக்கும் வந்தது.

"அது தெரியலடா. நாலு நாள் உயிரோட இருந்துச்சு. அது தெரியும்."

பட்டாணி தலையாட்டினான்.

உள்ளே அப்பா தராசை ஏழு துண்டாக்கியிருந்தார். பெரியவள் மேசை முன் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா நோட்டையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

பெரியவள் நேற்றைய வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். அடித்தது கீழே தெளிவாகத் தெரிந்தது. இனி எப்போதும் தெரியும். பக்கத்தில் எழுதினாள்: 'தவறு. நான் மாற்றினேன். வளையம் இருந்தது 7.'

அப்பா கையில் இருந்த திருகாணியைப் பார்த்தார். "பத்து நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா, இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு நான் தேடிட்டிருக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

பட்டாணி ரப்பரை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தான். அந்த முட்டையின் மேலிருந்த ஏழை அழித்து, மூன்று என்று எழுதினான்.

"தொப்பி?" என்றாள் பெரியவள்.

அவன் யோசித்தான். "இருக்கட்டும். ஏழு கடன் குடுத்ததா வச்சுக்கலாம்."

ஏழாம் முட்டையைச் செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்தார்கள். நோட்டில் ஏழாம் வரிசையில் பட்டாணி தானே எழுதினான்: '4 நாள்.'

இருபத்தோராம் நாள் காலையில் பெட்டிக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. மதியத்துக்குள் எட்டுக் குஞ்சுகள் வந்தன. ஒரு முட்டை அப்படியே கிடந்தது. சாயங்காலம், எல்லோரும் நம்பிக்கை இழந்த நேரத்தில், தொப்பி போட்ட அந்த முட்டை சுற்றிலும் விரிசல் விட்டது. ஈரமாக, ஒல்லியாக, கோபமாக ஒன்று வெளியே விழுந்தது.

காய்ந்த பிறகு பட்டாணி அதை, அப்பா மறுபடி பூட்டிய தராசில் வைத்தான். "நாப்பத்தொண்ணு. அக்கா, நீ எழுது."

பெரியவள் மூன்றாம் வரிசையில் எழுதினாள்.

பட்டாணி பெட்டிக்குள் கைவிட்டு எதையோ தேடினான். உடைந்த ஓடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சில்லை எடுத்தான். கோணல் தொப்பி முழுசாக அதில் இருந்தது. பின்பக்கம் பசை தடவினான்.

ஏழாம் வரிசையில், '4 நாள்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.