முட்டுக் கொடுக்கும் கை

சுத்தியல் சத்தம் சரியில்லை.

வெர்னன் பச்செக் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே கார்களுக்கு டிங்கர் வேலை பார்ப்பவன். தகட்டில் இரண்டே சத்தம்தான் உண்டு என்பது அவன் காதுக்கு நன்றாகத் தெரியும். அடியில் ஒரு கையால் இரும்புக்கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டு மேலே தட்டினால் 'ணங்' என்று கணீரென வரும். முட்டு இல்லாவிட்டால் 'டொப்' என்று செத்த சத்தம்தான். இப்போது செவெல் காரின் டிக்கி மூடி சாத்தியிருந்தது. முட்டுக்கட்டை எதிர் மேசையில், ஆறிப்போன காப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்படியும் மூடியின் நடுவில் தட்டியபோது 'ணங்' என்றுதான் கேட்டது.

இன்னொரு முறை தட்டிப் பார்த்தான். இரண்டு தட்டு மெதுவாக, ஒன்று பலமாக. அப்பாவிடம் படித்த தட்டு அது, வேறு மாதிரித் தட்ட அவனுக்கு வராது. மறுபடியும் 'ணங்'. அடியில் யாரோ சரியான இடம் பார்த்து முட்டுக் கொடுப்பதுபோல.

வீட்டை ஒட்டிய கார் கொட்டகை அது. வெளியே ஆற்றின் பக்கமிருந்து காலை முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூரையில் தொங்கும் ஹீட்டர் உறுமிக்கொண்டே ஊதியது. பிரைமர் வாடை, புது ரப்பர் வாடை, ஈர உப்புத்தாளின் மண்வாடை எல்லாம் கலந்து மூக்கை அடைத்தன. சின்ன ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் மூடியின் மேல் சாய்ந்து விழுந்தது. மேடு பள்ளம் பார்க்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

அந்த வெளிச்சத்தில்தான் அது தெரிந்தது. பிரைமரின் மேல் கறுப்புப் பொடியை லேசாகத் தூவி, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பது இந்த வேலையில் வழக்கம். பள்ளமான இடத்தில் கறுப்பு தங்கும். மேடான இடத்தில் பிரைமர் முதலில் தேய்ந்து இரும்பு வெளுத்துத் தெரியும். மூடியின் நடுவே இரும்பு வெளுத்திருந்தது. ஒரு உள்ளங்கை. அதைச் சுற்றி விரல்கள். உள்ளே இருந்து வெளியே தள்ளிய கை. மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது. அந்த இடம் இன்னும் தேயவில்லைபோல என்று நினைத்து அதையும் தேய்த்தான். விரல் வளரவில்லை.

நேற்றும் இதே இடத்தில்தான் இருந்தது. நேற்றே அடித்துச் சமன் செய்திருந்தான்.

இது கர்ட் தள்ளியதாக இருக்கவே முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கர்ட் முட்டி நெளித்த பழைய மூடியை அந்த வாரமே வெட்டி, பழைய இரும்புக்காரனிடம் போட்டாகிவிட்டது. இது ஓஹையோவில் ஒரு பழைய வண்டிக் கிடங்கிலிருந்து வாங்கி வந்த வேறு மூடி. கர்ட்டின் கை இதன்மேல் பட்டதே இல்லை.

கர்ட் அவன் தம்பி. அப்பா இந்த வண்டியை ஓட்டிய காலத்தில் துருவைச் சுரண்டியது வெர்னன், மெழுகு போட்டது வெர்னன், கிறிஸ்துமஸ் அன்றுகூட அடியில் படுத்து எண்ணெய் மாற்றியது வெர்னன். ஆனால் கர்ட்டின் பிறந்தநாள் மேசையில், கேக்கை வெட்டின கையில் அப்பா சாவியை வைத்தார். "உனக்கென்ன வெர்ன், நீ வேற ஒண்ணு செஞ்சுக்குவ," என்றார். அந்த ஒரு வார்த்தை வெர்னனின் வயிற்றில் விழுந்த நெருப்பு. அது அணையவே இல்லை.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் கர்ட் டிக்கிக்குப் புது ரப்பர் போட வண்டியை இங்கே கொண்டுவந்தான். ரப்பர் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒருவன் டிக்கிக்குள் ஏறிப் படுப்பான், இன்னொருவன் மூடியைச் சாத்தி விளிம்பைச் சுற்றி வெளிச்சம் காட்டுவான். எந்த இடத்தில் வெளிச்சம் கசிகிறதோ அங்கே தண்ணீரும் கசியும். நாலு பீர் குடித்திருந்த கர்ட் மேல்கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு சிரித்துக்கொண்டே ஏறினான். வெர்னன் வெளிச்சம் காட்டினான். பிறகு, "ஒரு நிமிஷம்டா, ஹீட்டரைப் பாத்துட்டு வர்றேன்" என்றான். ஹீட்டரை அணைத்தான். ரேடியோவைச் சத்தமாக வைத்தான். வீட்டுக்குள் போய்ப் படுத்தான்.

சாகட்டும் என்று நினைக்கவில்லை. கெஞ்சட்டும் என்றுதான் நினைத்தான். விடிந்து பார்த்தபோது கெஞ்ச ஆள் இல்லை. பந்தய வண்டிகளில் வைப்பதுபோல் பின் இருக்கைக்குப் பின்னால் தகடு அடித்ததும் வெர்னன்தான், அந்தப் பக்கமும் வழி இருந்திருக்காது. குடித்துவிட்டுச் சாலையோரம் விழுந்து உறைந்துபோனான் என்று ஊர் நம்பியது. அந்தச் சாலையோரத்துக்கு அவனைக் கொண்டுபோனது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டி மட்டும் கர்ட்டின் மனைவி டோரீன் பேரில் நின்றது. வேலை முடிந்ததைப் பார்த்துத் திருப்தியானால் வண்டி உன்னுடையது என்று அவள் சொல்லியிருந்தாள். இன்று பார்க்க வருகிறாள்.

மூடி தவிர வண்டி முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அவள் வருவதற்குள் இந்தக் கை போயாக வேண்டும்.

தட்டினான். ணங். தட்டினான். ணங். நிறுத்தினான்.

அடியிலிருந்து பதில் வந்தது. இரண்டு மெதுவாக. ஒன்று பலமாக.

டிக்கிப் பூட்டில் தொங்கிய சாவியைத் தொட்டான். சாவிக்கொத்து கலகலத்தது. திருப்பினால் திறந்துவிடும். கை திருப்ப மறுத்தது.

"செத்தவன் செத்தவனாவே கெட," என்றான்.

அலமாரியில் இருந்த ரேடியோவை நோக்கிப் போனான். போன கோடையில் தகடு தேய்க்கும் எந்திரம் தின்ற மோதிர விரலின் நுனி, அங்கே இல்லாமலே வலித்தது. சத்தத்தைக் கூட்டினான். ஏரிப் பக்கத்துப் பனி இருட்டுவதற்குள் வலுக்கும், யாரும் வெளியே போக வேண்டாம் என்று அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் டோரீன் வந்தாள். ஜாம் அடைத்த பூன்ச்கி பணியாரப் பெட்டியை மேசையில் வைத்து, பூட்ஸிலிருந்த பனியைத் தட்டினாள்.

"கதவைத் திறக்க இவ்வளவு நேரமா வெர்ன். உள்ள யாரை ஒளிச்சு வச்சிருக்க?"

"ரேடியோ சத்தத்துல கேக்கல."

"நாளைக்குத் தவக்கால நோன்பு ஆரம்பம். இன்னைக்கே தின்னு தீத்துரு." வண்டியைச் சுற்றி வந்தாள். "கறுப்பா? கர்ட்டுக்குப் பச்சைன்னா உசிரு."

"பச்சை பழசாப் போச்சு."

"சக்கரம் வேற. இன்ஜின் வேற. அவனுக்குப் புடிச்சது ஒண்ணையும் நீ மிச்சம் வைக்கல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூடியின் மேல் அவள் கை ஓடியது. வெர்னன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். தகடு சமமாக இருந்தது. மேடே இல்லை.

"தண்ணி இறங்குமே இதுல. ரப்பர் சரியா உக்காந்திருக்கா?"

"அதெல்லாம் பாத்தாச்சு."

"ஒத்த ஆளா எப்படிப் பாத்த? ஏறு, நான் லைட் காட்டறேன்." அவள் ஏற்கனவே டிக்கியைத் திறந்துவிட்டாள். உள்ளே யாரும் இல்லை. புது விரிப்பு மட்டும்தான். "என்ன வெர்ன், முகம் வெளுக்குது. உன் தம்பி எத்தனை தடவை ஏறியிருப்பான். உனக்குப் பயமா?"

மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் வண்டி போய்விடும், வண்டியோடு எல்லாமே போய்விடும். அவள் விளக்கைத் தேடும் நேரத்தில் பூட்டின் நாக்கை உள்ளே அழுத்தி அதன்மேல் டேப்பை இரட்டையாக ஒட்டினான். இனி பூட்டிக்கொள்ளாது. மேல்கோட்டு ஆணியில் தொங்கியது, ஒரு நிமிஷத்துக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டான். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் படுத்தான்.

மூடி இறங்கியது. கிளிக் என்றது.

கிளிக் என்றிருக்கக் கூடாது.

விளிம்பைச் சுற்றி வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தான். எங்கும் கசியவில்லை. ரப்பர் அருமையாக உட்கார்ந்திருந்தது, அவன் வேலையாயிற்றே.

"போதும் டோரீன். திற."

மூடிக்கு மேலே, மிக அருகில், அவள் குரல்.

"ஒரு நிமிஷம்டா, ஹீட்டரைப் பாத்துட்டு வர்றேன்."

டோரீன் அவனை ஒரு நாளும் டா போட்டதில்லை. அந்த வார்த்தைகளை அன்று கேட்டது ஒரே ஒருவன்தான். அவன் மண்ணுக்குள் இருக்கிறான்.

ஹீட்டரின் உறுமல் நின்றது.

கத்தினான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் இல்லை. விரிப்பின் வழியாகக் குளிர் இடுப்பில் ஏறியது, பிறகு முதுகில், பிறகு பல்லில். காலால் தகட்டை உதைத்தான். அவனே அடித்த தகடு. அசையவில்லை. மூடியை உள்ளங்கையால் தள்ளினான், குத்தினான், மறுபடி தள்ளினான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்தது. இருட்டில் தடவினான். ஒரு பள்ளம். அவன் உள்ளங்கை அதில் அப்படியே பொருந்தியது. நாலு விரலும் பொருந்தின. நுனி இல்லாத மோதிர விரலும்.

கையை எடுக்க முடியவில்லை. குளிரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போது மேலே யாரோ தட்டினார்கள். இரண்டு மெதுவாக. ஒன்று பலமாக.

சரியாக அவன் கைக்கு மேலே. ணங்.

அந்தத் தட்டு யாருடையது என்று அவனுக்குத் தெரிந்தது. பொறுமையான தட்டு. மேட்டைச் சமன் செய்கிற தட்டு. எலும்பு வரை இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அவன் கைதான் முட்டு.

தட்டு நின்றது. குரல் வரவில்லை அவனுக்கு. இன்னொரு கையால் தட்டினான். இரண்டு மெதுவாக. ஒன்று பலமாக. நான்தான். நான்தான் இது. கர்ட் இல்லை.

மேலே மூச்சு விடும் சத்தம். பூட்டில் சாவிக்கொத்து கலகலத்தது.

திருப்பு. திருப்பிவிடு.

"செத்தவன் செத்தவனாவே கெட," என்றது அவனுடைய சொந்தக் குரல், வெளியே.

காலடிகள் அலமாரிப் பக்கம் போயின. ஏரிப் பக்கத்துப் பனி வலுக்கும் என்று அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோவின் சத்தம் கூடியது.