நாலு மணிக்கு வருபவன்

தினமும் சரியாக நாலு மணிக்கு ஆறாம் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. கறுத்த திரையில் ‘வீடியோ லாஸ்’ என்ற எழுத்து மட்டும் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். பிறகு அம்மாவின் கட்டிலும் போர்வையும் ஜன்னல் வெளிச்சமும் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி வரும். அந்த முதியோர் இல்லத்தில் கேமராக்களை மாட்டியவன் அவன்தான். எட்டு மாதமாக நேரில் வர நேரம் ஒழியவில்லை. கைபேசியில் அம்மாவைப் பார்ப்பதையே பார்த்துக்கொள்வதாக நினைத்திருந்தான். இருட்டான அந்த நிமிடங்களில் யாரோ அவளை அடிக்கிறார்களோ என்ற பயம்தான் இன்று அவனை ஏணியோடு இங்கே தள்ளிக்கொண்டு வந்தது.

“வழி தெரிஞ்சுதா தம்பி?” என்றாள் இல்லத்து ஆயா. “கேமரா கெட்டாத்தான் வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, நானே எப்பவோ கெடுத்து வெச்சிருப்பேன்.”

“நாலு மணிக்கு அம்மா ரூமுக்கு யாரு போறாங்க அக்கா?”

“யாரும் இல்லியே. எல்லாரும் கீழே பிரார்த்தனையில இருப்போம். அம்மா மட்டும் வர மாட்டாங்க. கூப்பிட்டா சிரிப்பாங்க.”

நேற்றே ஆயாவிடம் சொல்லி, பதிவுப் பெட்டியில் ஆறின் வயரை ஏழிலும் ஏழின் வயரை ஆறிலும் மாற்றிச் செருகச் செய்திருந்தான். நாலு மணிக்கு ஏழு கறுத்தது. ஆக, பெட்டியில் பழுதில்லை. பழுது வயரோடு கூடவே போகிறது. அறைக்குள்தான் இருக்கிறது.

அறையில் தலைக்குத் தேய்த்த எண்ணெய் மணந்தது. அம்மாவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் வகிடு நேராக இருந்தது. பின்னலில் ஒரு பிசிறு இல்லை.

“கேமராக்காரரா? வாங்க தம்பி, பாத்து ஏறுங்க.”

“அம்மா, நான்தாம்மா.”

அவள் சிரித்தாள். “என் பிள்ளை நாலு மணிக்குத்தான் வருவான். தலை வாரிவிடுவான். ஒரு நாள் தப்ப மாட்டான்.”

மறதி, என்று நினைத்துக்கொண்டான்.

ஏணியின் ஏழாவது படியில் நின்றுதான் கூரையோரத்து இணைப்பு எட்டியது. கழற்றினான். நடு ஊசியைச் சுற்றி நரைமுடி. சீப்பில் சேர்வதை விரலில் சுருட்டுவார்களே, அப்படி. எண்ணெய்ப் பசையோடு.

வயரின் நுனியை வெட்டிப் புது கனெக்டர் போட்டான். இழுத்துப் பார்த்தான். கெட்டி. ஆள் இருந்தால் வருகிறவன் வரமாட்டான் என்று எதிர் அறையில், பதிவுப் பெட்டியின் முன் உட்கார்ந்தான். அங்கிருந்து அம்மாவின் கதவும் தெரிந்தது.

மணி நாலு. படம் போகவில்லை. கதவு திறக்கவில்லை.

திரையில், அம்மாவுக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

இவனுடைய சட்டை. இவனுடைய பின்மண்டைத் தழும்பு. சிக்கெடுத்து, வலிக்காமல், மெல்ல மெல்ல வாரினான். அந்தப் பொறுமை மட்டும் இவனுடையதில்லை. அம்மா நிம்மதியாகக் கண்மூடியிருந்தாள்.

சீப்பிலிருந்த முடியை அவன் விரலில் சுருட்டினான். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான்.

இவன் முகம்.

எழுந்திருக்கவில்லை. கை மட்டும் நீண்டுகொண்டே ஏணியின் உயரத்துக்கு உயர்ந்தது. மூன்றாம் படி. ஐந்தாம் படி. ஏழு.

வீடியோ லாஸ்.

இவன் ஓடினான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“அம்மா! நான் வந்துட்டேம்மா! கதவைத் திறம்மா!”

சீப்பின் ஓசை நின்றது.

“யாரும்மா அது?” உள்ளிருந்து இவனுடைய குரலே கேட்டது.

“கேமராக்காரர்தான்பா,” என்றாள் அம்மா. “அவர் வேலையை அவர் பாப்பார். நீ வாரு.”

பன்னிரண்டு நிமிடம் கழிந்தது. எதிர் அறைத் திரையில் படம் திரும்பவில்லை. கதவுக்குப் பின்னால் சீப்பு ஓடிக்கொண்டே இருந்தது.