நாற்பத்தெட்டு மில்லி ஆம்பியர்

இரண்டு மில்லி ஆம்பியர் இழுக்க வேண்டிய சிப், நாற்பத்தெட்டு இழுத்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை, கசார்வாடிப் பட்டறைகளுக்கு வார விடுமுறை. லேத்துகள் ஓய்ந்த தெருவில் மத்தியான வெயிலும் ஆயில் வாடையும் மட்டும் மிச்சமிருக்க, ப்ரியம்வதாவின் மேசையில் பேட்டரியில் ஓடிய அந்த இதய மானிட்டர் சீராக ஒலித்துக்கொண்டிருந்தது.

நெஞ்சுத் துடிப்பை எண்ணாக மாற்றித் திரைக்கு அனுப்புகிற சிப் அது. பதினோரு நாளுக்கு முன் அவள் கணவர் வாசுதேவன் நெஞ்சில் ஒட்டியிருந்ததும் இதே மானிட்டரின் வயர்கள்தான். நாடி பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். திரையில் துடிப்பு ஓடியது. அவர் தயங்கினார்.

"இது எங்க பட்டறை மெஷின் டாக்டர். டெஸ்ட்லயே கரண்ட் அதிகமா இழுத்துச்சு, போகட்டும்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். இத நம்பாதீங்க" என்றாள். அதோடு சிகிச்சை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

அழுகை இன்னும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கோளாறு கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால், அவர் அப்போது உயிரோடு இருந்தார்.

கூட வேலை பார்க்கும் முகமது ரஃபீக்குக்கு போன் போட்டாள்.

"சிப் லாக் ஆயிருக்கும் அண்ணி. சப்ளைய முழுசா கட் பண்ணாத்தான் விடும். அவ்வளவுதான்." உற்றுக் கேட்டான். "லீட் வயர யாருக்கு மாட்டியிருக்கீங்க? பீப் கேக்குதே."

"யாருக்கும் இல்ல ரஃபீக் பாய். மேசைமேல கிடக்கு."

அவள் போனை வைத்துவிட்டாள்.

சப்ளையை அணைக்காமலே, சிப்பில் சும்மா விட்டிருந்த இன்புட் கால்களை எல்லாம் கிரவுண்டில் சேர்த்துப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. புது சிப் வைத்து சால்டர் செய்தாள், ரோசின் புகை கண்ணில் ஏறியது. நாற்பத்தெட்டு. கடைசியில் சிப்பையே எடுத்துவிட்டாள். இடம் காலி. நாற்பத்தெட்டு. திரையில் துடிப்பு எழுபத்திரண்டு.

சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

தொண்ணூறு.

கையை இழுத்தாள். எழுபத்திரண்டு.

மறுபடி நீட்டினாள். நூற்றுப்பத்து. நூற்று நாற்பது.

"என்னங்க?" என்றாள்.

நூற்று அறுபது.

கோளாறுதான். கோளாறாகத்தான் இருக்க வேண்டும்.

அணைத்தாள்.

திரை இருண்டது. மீட்டரில் பூஜ்யம். சத்தமில்லை.

மேசையில் கிடந்த நான்கு வயர் முனைகளும் ஒரு சாண் உயரத்தில் நின்றன. கீழே ஒன்றுமில்லை. மூச்சுக்குத் திணறுகிற நெஞ்சின் மேல் ஒட்டியவைபோல, நான்கும் சேர்ந்து ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.