நீங்களே வச்சுக்கோங்கோ

சிரிக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண் சரியாகச் சிரித்தாள். ஓடையில் கால்களை விட்டுக்கொண்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டிப் பாறைமேல் உட்கார்ந்திருந்தவளின் தோள்கள் இரண்டு முறை குலுங்கின. "இந்த முதுகு தண்ணியைப் பாத்து எத்தனை வருஷமாச்சோ" என்று ப்ரீதி அப்போதுதான் தமிழில் சொல்லி முடித்திருந்தாள்.

"மெதுவா பேசு. புரிஞ்சுடப் போறது" என்றான் அவள் கணவன் அபினவ்.

"இந்தக் காட்டுல யாருக்குடா தமிழ் தெரியும்?"

புனே வந்த நாளிலிருந்து ப்ரீதிக்கு இருக்கும் சௌகரியம் அது. காய்கறிக்காரி, ரிக்‌ஷாக்காரன், மேல்வீட்டு ஆண்ட்டி, யாராயிருந்தாலும் முகத்துக்கு நேரே, புன்னகை மாறாமல், தமிழில் கிழித்துத் தொங்கவிடுவாள். ஏதோ நல்லது சொல்கிறாள் என்று அவர்களும் தலையாட்டுவார்கள். அபினவுக்கு அதில் கூச்சம். அவனுக்கு எதில்தான் கூச்சமில்லை? கடக்வாஸ்லா அணையைத் தாண்டி மலையேறி ஓர் இரவு டென்ட் போட்டுப் படுக்க, தன்னைவிடப் பெரிய பையும் மூன்று டார்ச்சும் வாங்கியவன், கீழே கிராமத்தில் யாரோ அந்த ஓடைக்கரை வேண்டாம் என்றதும் திரும்பிவிடலாமா என்று கேட்டான்.

ப்ரீதி பாறையருகே போய்க் கைகூப்பினாள். குரலில் தேன் வடிந்தது. "மகாராணி, இந்த அசட்டை மேய்க்க என்னால ஆகலை. நீங்களே வச்சுக்கோங்கோ."

தோள்கள் மறுபடி குலுங்கின.

அபினவ் பாட்டிலோடு தண்ணீர் எடுக்க இறங்கினான். சரிவில் வெயில் வடிந்து, ஈர மண்ணும் அழுகிய இலையும் மணக்க, டென்ட் துணி காற்றில் படபடக்க, கீழே ஓடையின் சலசலப்புக்கு நடுவே பாட்டில் நிரம்பும் களக் களக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ப்ரீதி டென்டைக் கட்டினாள். ஸ்டவ்வை எடுத்து வைத்தாள். இருட்டிவிட்டது. சத்தம் நிற்கவில்லை. தண்ணி பிடிக்கக்கூடத் துப்பில்லை என்று முணுமுணுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு பாட்டில் இவ்வளவு நேரமா நிரம்பும்?

"அபினவ்?"

சத்தம் நின்றது. ஓடையின் சலசலப்பும் நின்றது.

டார்ச்சோடு இறங்கினாள். ஈர மண்ணில் கால் வழுக்கியது. அதற்கும் அவனையே திட்டினாள்.

பாறைமேல் இப்போது இரண்டு முதுகுகள். ஒன்றில் அவனுடைய நீல ரெயின்கோட்.

"விளையாடாதே. எழுந்து வா. ப்ளீஸ்டா."

அவன் அசையவில்லை. அவளுக்கு அவன் வேண்டும். அந்த அசடு, அந்தப் பயந்தாங்கொள்ளி, அப்படியே வேண்டும்.

பக்கத்து முதுகிலிருந்து பதில் வந்தது. தமிழில். ப்ரீதியின் குரலில், தேன் வடிய.

"நீங்கதானே குடுத்தேள்."

ரெயின்கோட்டின் தோளைப் பிடித்து இழுத்தாள். சில்லிட்டிருந்தது. அவன் திரும்பினான்.

அந்தப் பக்கமும் முதுகுதான். ஈர முடி. பிடரி. அதற்குக் கீழே, சிரிப்பில் குலுங்கும் தோள்கள்.